டிவி லைசென்ஸ்: தமிழ் சேனல் மட்டும் பார்க்கிற வீடு பிபிசிக்கு ஏன் கட்ட வேண்டும்?

ஈஸ்ட்ஹாம்_இளங்கோ

புது வீட்டுக்குக் குடிவந்து கவுன்சில் டாக்ஸ், கரண்ட், தண்ணீர் எல்லாம் பேர் மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது டிவி லைசென்ஸ், அதாவது பிபிசியை நடத்த பிரிட்டனில் வீட்டுக்கு வீடு வாங்கும் வருடக் கட்டணம். 2025 ஏப்ரலில் அதை வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆக்கினார்கள்.

எங்கள் வீட்டில் பிபிசி பார்க்கிற ஆளே இல்லை. அம்மா உட்கார்ந்தால் சென்னையிலிருந்து நேரலையாக வரும் சீரியல்கள்தான், ஒன்று முடிந்து அடுத்தது. பிள்ளைகள் யூடியூப். நான் எப்போதாவது கிரிக்கெட். அந்தத் தமிழ் சேனல்களுக்குத் தனியாக மாதச் சந்தா வேறு கட்டுகிறோம். அதற்கு மேல் இதுவுமா?

சட்டம் என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நியாயமா என்றும் சொல்லுங்கள். பொதுத் தொலைக்காட்சி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பார்க்காதவனிடமும் கட்டாயமாக வாங்கித்தான் அதை நடத்த வேண்டுமா என்பதுதான் கேள்வி.

லெஸ்டர்_அக்கா

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே ஒரு ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன், அடிக்கடி வரும் கேள்விதான்.

நேரலையாக எந்த சேனலைப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். சேனல் சென்னையிலிருந்து வருகிறதா கொழும்பிலிருந்து வருகிறதா, டிஷ்ஷா இன்டர்நெட்டா, டிவியா போனா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் ஐபிளேயர் ஆப்பில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. அதே நெட்ஃபிளிக்ஸில் குத்துச்சண்டை நேரலையாக ஓடினால் வேண்டும். ஆகவே தம்பி, அம்மாவின் சீரியலுக்கு லைசென்ஸ் கட்டாயம். அதே சீரியலை மறுநாள் ஆப்பில் பார்த்தால் தேவையில்லை.

படிக்க வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. ஊரில் பெற்றோர் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால், ஹாஸ்டல் அறையில் போனிலோ லேப்டாப்பிலோ நேரலை பார்க்கலாம். ஆனால் அது பேட்டரியில் ஓட வேண்டும். சார்ஜரைச் செருகினால் தனி லைசென்ஸ். நான் கிண்டல் செய்யவில்லை, விதியே அப்படித்தான். இந்த 'ஊர்' பிரிட்டனுக்குள் இருக்கும் ஊர், மதுரை இல்லை.

சந்தைக்காரன்

விதியைப் படித்தாலே தெரியவில்லையா, இது செத்துப்போன காலத்துச் சட்டம் என்று? மெஸ்ஸில் சாப்பிடுகிறவனிடம், சாப்பிட்டாய் அல்லவா, எதிர்த்தெரு ஹோட்டல் பில்லையும் கட்டு என்கிற கதை. வானலையில் ஒரே ஒரு சேனல் வந்த 1946இல் இரண்டு பவுண்டு லைசென்ஸ் போட்டார்கள், சரி. டிவி வைத்திருந்தால் பிபிசி பார்க்கிறாய் என்று அர்த்தம். இன்றைக்கு அந்த அர்த்தம் எங்கே இருக்கிறது?

சந்தாவாக மாற்றுங்கள். வேண்டியவர் கட்டுவார். அவ்வளவு நல்ல நிகழ்ச்சி என்றால் மாதாமாதம் காசு கட்ட ஜனங்கள் வரிசையில் நிற்க மாட்டார்களா?

வடமராட்சியான்

சந்தா என்று சொல்லுறது லேசு தம்பி. இங்கே வீட்டுக் கூரை ஏரியலில் வாற ஃப்ரீவியூ என்ற இலவச டிவிச் சேவையில் பூட்டு இல்லை. 2012இல் அனலாக்கை நிறுத்தி முடித்த நேரம் பெட்டிகளில் கார்டு போடும் வசதியைக் கட்டாயமாக்கியிருந்தால் இன்றைக்குச் சந்தா வைக்கலாம். செய்யவில்லை. ரேடியோவுக்கு எப்படிப் பூட்டுப் போடுவீர்கள்? காருக்குள் ஓடுறது, கடைக்குள் ஓடுறது.

அதை விடுங்கோ. சந்தா என்று வந்தால் சந்தாக்காரருக்குப் பிடிச்சதைத்தான் செய்வார்கள். வேல்ஸ் மொழிச் சேனல் எஸ்4சியை இப்போது நடத்துறது இந்த லைசென்ஸ் காசு. ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழிச் சேனலுக்கும் அதில் பங்கு போகுது. எழுபதினாயிரம் பேர் அளவில் பேசுற மொழிக்கு எந்தச் சந்தைக்காரன் சேனல் நடத்துவான்? (உங்கட புனைபெயரைக் குத்திச் சொல்லவில்லை.)

எங்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பேட்டரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வாற மின்சாரத்தில் ரேடியோ பாடும். சுற்றுறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இழுபடும். அப்படித்தான் பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசையைக் கேட்டோம். கொழும்பு சொல்லுறதையும் நம்பேலாது, எங்கட பக்கம் சொல்லுறதையும் முழுசாக நம்பேலாது. மூன்றாவது குரல் ஒன்று வேண்டியிருந்தது. அந்த நேரம் அதற்குக் காசு பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சின் மானியம். 2014 ஏப்ரலிலிருந்து பெரும்பங்கு லைசென்ஸ் காசு. நான் வருசா வருசம் முணுமுணுக்காமல் கட்டுறதுக்கு இது ஒரு காரணம்.

சந்தைக்காரன்

உருக்கமாக இருக்கிறது அண்ணை, ஆனால் நீங்களே என் வாதத்துக்கு வழி விட்டுவிட்டீர்கள். லைசென்ஸ் காசு இல்லாமலே தமிழோசை ஓடியது. லைசென்ஸ் காசு வந்த மூன்றாவது வருடம், 2017இல், வானொலியை மூடிவிட்டு இணையத்துக்குப் போனார்கள்.

வடமராட்சியான்

அது லைசென்ஸின் குற்றமில்லை. 2010இல் அரசாங்கம் கட்டணத்தை 145.50இல் உறைய வைத்துவிட்டு, தமிழோசை அடங்கின உலக சேவையையும் எஸ்4சியையும் பிபிசியின் தலையில் கட்டினது. வருமானம் நின்ற இடத்தில் நிற்க, செலவை மட்டும் கூட்டினால் எது மிஞ்சும்?

மட்டுறுத்துனர்

இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். திருட்டு ஐபிடிவி பெட்டி எங்கே கிடைக்கும் என்பது இந்த இழையின் பொருள் அல்ல.

மயிலாப்பூர்_மணி

சுவாரசியமான இழை. லைசென்ஸ் என்றதும் எங்கள் தலைமுறைக்கு வேறொரு காட்சி ஞாபகம் வரும். இந்தியாவிலும் இருந்தது, இளைஞர்கள் நம்ப மாட்டீர்கள். ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் ஒரு லைசென்ஸ் புத்தகம் எடுக்க வேண்டும். வருடத்துக்கு 15 ரூபாய். ஸ்டாம்ப்பை ஒட்டி அதன் மேல் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். தவறவிட்டால் அபராதம். எங்கள் அப்பா அந்தப் புத்தகத்தை ரேஷன் கார்டோடு ஒரே உறையில் வைத்திருப்பார். இன்ஸ்பெக்டர் தெருவில் வருகிறார் என்றால் டிரான்சிஸ்டர்கள் அரிசிப் பானைக்குள் போய்விடும். பெரிய வால்வு ரேடியோ வைத்திருந்தவர்கள்தான் பாவம், மொட்டைமாடி ஏரியலே காட்டிக்கொடுத்துவிடும். டிவி வந்தபோது அதற்கு 50 ரூபாய். எண்பதுகளின் நடுவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததால்தான் தூர்தர்ஷன் அரசு ஊதுகுழல் ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. எமர்ஜென்சியில், 1976இல், கிஷோர் குமார் அரசு விளம்பரத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று அவர் பாட்டையே வானொலியில் நிறுத்தினார்கள். ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று கேலி பேசிய காலம் அது. அப்போது நாங்கள் எல்லோரும் ஒழுங்காக 15 ரூபாய் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்! கட்டணம் நேயர் கொடுத்தது, நிலையம் மட்டும் அரசாங்கத்தின் ஒரு இலாகா.

அதனால் இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைக் கோட்டை விடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காசு எந்த வழியாக வருகிறது என்பதை விட, எவ்வளவு என்று தீர்மானிக்கிற பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம்_இளங்கோ

மணி சார், அப்படியானால் தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தத் தன்னாட்சி அமைப்பாகப் பிரசார் பாரதி வந்தபோது அது தீரவில்லையா?

மயிலாப்பூர்_மணி

சட்டம் 1990, அமலுக்கு வந்தது 1997. இடையில் ஏழு வருடம் எந்த ஆட்சியும் அதைத் தொட விரும்பவில்லை, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வானலை பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்ன பிறகும் இரண்டு வருடம் ஆயிற்று. பேருக்குத் தன்னாட்சி. சம்பளம் இன்றும் மத்திய அரசு மானியத்தில்தான் வருகிறது. சம்பளம் கொடுக்கிறவருக்கு எதிராகச் செய்தி வாசிக்க எத்தனை பேர் துணிவார்கள்? பொதிகையை 2024இல் டிடி தமிழ் ஆக்கினார்கள். பேர் மாறியது, கணக்கு மாறவில்லை.

தேக்கா_தென்றல்

சிங்கப்பூர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் வருடத்துக்கு 110 வெள்ளி லைசென்ஸ் இருந்தது, 2011இல் எடுத்துவிட்டார்கள். அரசாங்கம் நேரடியாகப் பொதுச்சேவை நிகழ்ச்சிகளுக்குப் பணம் தருகிறது. எங்கள் தமிழ்ச் சேனல் வசந்தம் ஓடுவது அந்தப் பணத்தில்தான். சின்ன மொழிச் சேனலுக்குச் சந்தை இல்லை என்று வடமராட்சியான் சொன்னார், இங்கே மக்கள்தொகையில் சில விழுக்காடே இருக்கும் தமிழர்களுக்கு இலவசச் சேனலில் தமிழ்ச் செய்தியும் நாடகமும் வருகிறது. தரமும் பரவாயில்லை. அமைச்சரை உட்கார வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்கும் பேட்டியை நான் அங்கே எதிர்பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

சந்தைக்காரன்

அது வேறு விஷயம் இல்லையே. அதுதான் விஷயமே!

முனிச்_முருகேசு

மணி சார் சொன்ன பேனாவைப் பற்றி ஜெர்மனியிலிருந்து கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே 2013 ஜனவரியிலிருந்து வீட்டுக்கு ஒரு கட்டணம். மாதம் 18.36 யூரோ. டிவி இருக்கிறதா, இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வீடு இருந்தால் கட்ட வேண்டும். இளங்கோவுக்கு இது இன்னும் பெரிய அநியாயமாகத் தெரியலாம். எனக்கும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. முகவரி பதிவு செய்த கொஞ்ச நாளில் கடிதம் வந்துவிடும். ஆனால் ஒரு நன்மையைக் கவனியுங்கள். வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நிற்பதில்லை. சார்ஜர் செருகியிருக்கிறதா என்ற ஆராய்ச்சி இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட்டில் இருந்தால் ஒரே கட்டணம், பிரித்துக்கொள்ளலாம். அரசு உதவித்தொகை பெறும் மாணவருக்கும் வறுமை உதவி வாங்குகிறவருக்கும் விலக்கு.

இனி பேனா. தொகையை அரசு நினைத்தபடி வைக்க முடியாது. ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் தேவையைச் சொல்லும். 16 மாநிலங்களும் ஆளுக்கு ஒருவராக நியமிக்கும் 16 நிபுணர்கள் கொண்ட ஆணையம் அதைச் சரிபார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி, ஒரு தொகையைப் பரிந்துரைக்கும். பிறகு 16 மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். 17.50இலிருந்து 18.36 ஆக்கலாம் என்று ஆணையம் சொன்னதற்கு 2020 டிசம்பரில் சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரே ஒரு மாநிலம் முட்டுக்கட்டை போட்டது. பிரச்சினை மாதத்துக்கு 86 சென்ட்! அந்த 86 சென்ட்டில் மாநிலக் கூட்டணி அரசே ஆட்டம் கண்டு, உள்துறை அமைச்சர் பதவி போயிற்று. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஆகஸ்டில், ஒளிபரப்புச் சுதந்திரம் என்பதில் போதிய நிதியும் அடக்கம், தகுந்த காரணம் இல்லாமல் ஒரு மாநிலம் மறுக்க முடியாது என்று சொல்லி நீதிமன்றமே 18.36ஐ அமலாக்கியது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2025இலிருந்து 18.94 என்று ஆணையம் சொன்னதை மாநிலங்கள் மீண்டும் நிறைவேற்றவில்லை, நிறுவனங்கள் மீண்டும் கோர்ட்டுக்குப் போயின. ஆக, பேனாவைப் பூட்டி வைத்தாலும் சாவிக்குச் சண்டை நடக்கிறது. ஆனால் சண்டை வெளிச்சத்தில் நடக்கிறது.

லெஸ்டர்_அக்கா

வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நிற்பதில்லை என்று முருகேசு சொன்னதைப் படித்துப் பெருமூச்சு விட்டேன். இங்கே லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது இன்னும் குற்றவியல் வழக்கு. கரண்ட் பில் கட்டாவிட்டால் கூட அது சிவில் பாக்கிதான். இதற்கு அதிகபட்சம் 1000 பவுண்டு அபராதம். பார்த்ததற்காக ஜெயில் கிடையாது, அபராதத்தைக் கட்டாமல் விட்டால் அந்த வழி திறக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான வழக்குகள் கோர்ட்டில் ஆள் நிற்காமலே, ஒரே ஒரு மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் முறையில் முடிகின்றன.

தண்டிக்கப்படுகிறவர்களில் நாலில் மூன்று பேர் பெண்கள். பெண்கள்தான் அதிகம் ஏய்க்கிறார்களா? இல்லை. பகலில் கதவு தட்டினால் திறப்பது அவர்கள். திறந்தவரிடம் கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கி, அவர் பெயரிலேயே வழக்கு. கணவர் பெயரில் டிஷ், மகன் பெயரில் இன்டர்நெட், வழக்கு மட்டும் அம்மா பெயரில். நம் ஆட்களில் இன்னொரு பழக்கம், வந்தவரை உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பது. தயவுசெய்து எல்லோரும் வீட்டில் சொல்லி வையுங்கள்: வாரண்ட் இல்லாமல் உள்ளே விட வேண்டிய கட்டாயம் கிடையாது. கட்ட வேண்டியிருந்தால் கட்டுங்கள், அது வேறு.

பொதுத் தொலைக்காட்சிக்கு எல்லாரும் பணம் தர வேண்டும் என்பதில் நான் வடமராட்சியான் அண்ணன் பக்கம். ஆனால் வசூலிக்கிற விதம் ஏழைப் பெண்ணின் கதவில் போய் முடிகிறது என்றால் அந்த விதத்தை மாற்ற வேண்டும். கோடீஸ்வரர் வீட்டுக்கும் ஒரே கட்டணம், தனியாகப் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கும் அதே கட்டணம். பின்லாந்தில் 2013இலிருந்து வருமானத்துக்கேற்ற தனி வரி, குறைந்த வருமானம் என்றால் பூஜ்யம், மேலே ஒரு உச்சவரம்பு. அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சந்தைக்காரன்

வரி என்று ஒப்புக்கொண்டீர்கள் பாருங்கள், அந்த நேர்மைக்கு நன்றி. வரி என்றால் பட்ஜெட்டிலிருந்தே கொடுத்துவிட்டுப் போகலாமே? பிரான்ஸ் 2022இல் 138 யூரோ கட்டணத்தை எடுத்துவிட்டு வாட் வரியிலிருந்து ஒரு பங்கைத் திருப்பிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

மயிலாப்பூர்_மணி

பட்ஜெட்டிலிருந்து என்றால் வருடா வருடம் நிதியமைச்சர் முன் போய் நிற்க வேண்டும். அதைத்தான் எங்கள் ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பின்லாந்து மாதிரித் தனி வரியாக, வேறு செலவுக்குத் தொட முடியாதபடி இருந்தால் ஓரளவு தப்பலாம்.

பிரிட்டனிலும் நிலைமை அவ்வளவு சுத்தம் என்று நினைக்க வேண்டாம். 75 வயது தாண்டியவர்களுக்கு இலவச லைசென்ஸ் தந்தது 2000இல் அரசாங்கம், அதன் செலவையும் அரசாங்கமே கொடுத்தது. 2015இல் அந்தச் சுமையை பிபிசி பக்கம் தள்ளினார்கள். பிபிசி தாங்க முடியாமல் 2020 ஆகஸ்டிலிருந்து பென்ஷன் கிரெடிட் என்ற குறைந்த வருமான முதியோர் உதவி வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. கெட்ட பெயர் பிபிசிக்கு. பிறகு 2022இல் இரண்டு வருடத்துக்குக் கட்டணத்தை 159இல் நிறுத்தினார்கள், விலைவாசி எகிறிய நேரத்தில். ஒரு செய்தியைக் கூடத் தணிக்கை செய்யவில்லை, ஒரு ஆசிரியரைக் கூட மாற்றவில்லை. கட்டணத்தை மட்டும் பிடித்தார்கள். நயமான ஆட்கள்!

பிபிசி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் இப்போதைய சாசனம் 2027 டிசம்பர் 31இல் முடிகிறது. அடுத்ததில் கட்டணமா, சந்தாவா, வீட்டு வரியா என்ற பேச்சு எப்படிப் போனாலும், தொகையை யார் எழுதுவது என்ற பத்தியைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன்.

வடமராட்சியான்

மணி ஐயா சொன்னதில் நான் உடன்படாத ஒரு இடம் இருக்கு. பேனா முக்கியம்தான், ஆனால் கட்டாயமும் முக்கியம். எல்லாரும் கட்டுறபடியால்தான் எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள். அயர்லாந்தைப் பாருங்கோ. 2023இல் அந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி ஆர்டிஇ தன் நட்சத்திரத் தொகுப்பாளருக்குக் கணக்கில் காட்டாத தொகை கொடுத்தது வெளியில் வந்ததும், சனம் 160 யூரோ லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். தலைமைப் பதவியில் இருந்தவர் போனார், நாடாளுமன்றக் குழு நிர்வாகத்தை உட்காரவைத்து வறுத்து எடுத்தது. வரிக்குள் ஒளிந்திருந்த காசென்றால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா?

சந்தைக்காரன்

அண்ணை, புதுப்பிக்காமல் விட்டதால்தான் அந்தக் கோபத்துக்குப் பலன் கிடைத்தது. அதற்குப் பெயர்தான் சந்தா. நீங்களும் நானும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம் போலிருக்கிறது.

வடமராட்சியான்

வரவில்லை. ஐரிஷ்காரர் சட்டத்தை மீறித்தான் கட்டாமல் விட்டார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் மூன்று வருசத்துக்கு 725 மில்லியன் யூரோ கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டி வந்தது. திரும்பவும் பேனா அரசாங்கத்தின் கையில். இப்ப மணி ஐயா சிரிப்பார்.

மயிலாப்பூர்_மணி

சிரித்தேன்.

ஈஸ்ட்ஹாம்_இளங்கோ

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைத்து இழையைத் தொடங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. பிபிசி பார்க்காதவனிடம் வாங்குவது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஆனால் ஜெர்மனி மாதிரி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி என்றால் உறுத்தல் குறையும். சீரியல் நேரலையில் ஓடுவதால் மட்டும் நான் மாட்டுகிறேன், மறுநாள் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் தப்பிக்கிறார் என்பதுதான் எரிச்சல்.

ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி. அம்மாவுக்கு 76 வயது, எங்களோடுதான் இருக்கிறார், பென்ஷன் கிரெடிட் வருகிறது. லைசென்ஸ் யார் பேரில் எடுப்பது?

லெஸ்டர்_அக்கா

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி! அம்மா பேரில் விண்ணப்பியுங்கள், இலவசம். வீட்டில் உங்களோடு இருக்கும் எல்லோருக்கும் அதுவே செல்லும். பென்ஷன் கிரெடிட் அம்மா பேரில்தான் வருகிறதா என்று மட்டும் சரிபாருங்கள், அரசு ஓய்வூதியம் வேறு, அது வேறு. இதே வயதில் அம்மா அப்பா இருந்து, அந்தத் தொகைக்கு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். ஸ்பான்சர் விசாவில் வந்த பெற்றோருக்கு மட்டும் விதி வேறு, அதையும் மடலில் குறிப்பிட்டு எழுதுங்கள்.

சந்தைக்காரன்

ஆக, நாலு பக்கம் நியாயம் பேசிய இளங்கோ கட்டப்போவது பூஜ்யம். அவர் வீட்டு சீரியலுக்கும் சேர்த்து நான் கட்டுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.